புரோகிராமுக்குள்ளிருந்து ஷெல்லைக் கூப்பிடும்போது

புதிதாகக் கோட் எழுத வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு. பைத்தானை வைத்துச் சொல்கிறேன். மற்ற மொழிகளிலும் விஷயம் ஏறக்குறைய இதுதான்.

1. முதலில், வெளியே போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஃபோல்டர் உருவாக்க, ஃபைலை நகர்த்த பைத்தானிலேயே வசதி இருக்கிறது. வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக் வேண்டும் என்றால், அப்போது போங்கள்.

2. கட்டளையை ஒரே வரியாக ஒட்டி ஷெல்லிடம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். யாரோ அப்லோட் செய்த படத்தின் பெயரை, 'கன்வெர்ட்' என்ற கட்டளையோடு கூட்டல் குறி போட்டுச் சேர்த்து ஓஎஸ்.சிஸ்டத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்தப் பெயருக்குள் ஓர் அரைப்புள்ளியும், அதன்பின் 'ஆர்எம் -ஆர்எஃப்' என்பதும் இருந்தால்? அரைப்புள்ளியோடு ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்றுதான் ஷெல் எடுத்துக்கொள்ளும். உங்கள் ஃபைல்களை அழித்துவிடும். கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. 'கல்யாண போட்டோ.ஜேபிஜி' என்று நடுவில் இடம் விட்டிருந்தாலே இரண்டு ஃபைல்களாகத் தேடும்.

சப்ப்ராசஸ்.ரன்னுக்குப் பட்டியலாகக் கொடுங்கள்: முதலில் புரோகிராமின் பெயர், பிறகு ஒவ்வோர் ஆர்க்யுமென்டும் தனித்தனியாக. அப்போது நடுவே ஷெல்லே வராது; அரைப்புள்ளியும் டாலர் குறியும் வெறும் எழுத்துகளாகப் போய்ச் சேரும். ஒரு ஓட்டை மட்டும் மிச்சம்: பெயர் '-' குறியில் தொடங்கினால் அதை ஆப்ஷன் என்று நினைத்துவிடும். முன்னால் './' சேர்த்துக் கொடுங்கள்.

3. ஷெல்=ட்ரூ போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், ஓடப்போவது எந்த ஷெல் என்று தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸில் அது பின்/எஸ்எச். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டேஷ், பேஷ் அல்ல. டெர்மினலில் ஓடிய இரட்டைச் சதுர அடைப்புக்குறி, கோடுக்குள் பிழை காட்டுவது இதனால்தான்.

4. எக்ஸிட் கோடைப் பாருங்கள். 0 என்றால் சரி. ஷெல் 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தும் ஓட்ட முடியவில்லை. ரன் தானாகப் புகார் சொல்லாது; செக்=ட்ரூ போட்டால்தான் எக்ஸெப்ஷன் வரும். அதுவும் பைப்பில் ஏமாற்றும். டேட்டாபேஸ் டம்பை ஜிஜிப்புக்கு அனுப்புகிறீர்கள். டம்ப் பாதியில் செத்தாலும், ஜிஜிப் கிடைத்தவரை சுருக்கிவிட்டு 0 சொல்லும். பேக்கப் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் பாதி டேபிள்கள் இல்லை என்று தெரியும். பேஷ் என்றால் பைப்ஃபெயிலை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டையும் தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொன்றின் கோடையும் பாருங்கள்.

5. டைம்அவுட் கொடுங்கள். சப்ப்ராசஸ்.பாப்பனில் வெளியீட்டைப் பைப்பில் வாங்கிக்கொண்டு, படிக்காமல் வெயிட் போட்டால் இருவரும் நின்றுவிடுவார்கள்: லினக்ஸில் அந்தப் பைப் வழக்கமாக 64 கேபி கொள்ளும், நிரம்பியதும் அந்தப் பக்கம் எழுத முடியாமல் காத்திருக்கும், நீங்கள் அது முடியட்டும் என்று காத்திருப்பீர்கள். வெயிட்டுக்குப் பதில் கம்யூனிகேட் போட்டால், படிப்பதையும் காத்திருப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

6. பாஸ்வேர்டை ஆர்க்யுமென்டாகக் கொடுக்காதீர்கள். அதே மெஷினில் இருக்கும் வேறொருவர் பிஎஸ் அடித்தால் பெரும்பாலும் அப்படியே தெரியும். ஸ்டாண்டர்டு இன்புட் வழியாக அனுப்புங்கள்.