சொந்த வேர்

அன்புள்ள கயலுக்கு,

வாங்கி வைத்த நான்கு ரோஜாவும் ஆறு மாதத்தில் பட்டுப்போயின, எனக்குக் கைராசியே இல்லை பெரியம்மா என்று எழுதியிருந்தாய். அந்தப் பேச்சை விடு. நீ ஆசைப்பட்ட நீளக்காம்பு ரகங்கள் ஓசூர்க் குளிருக்கும் பசுமைக்குடிலுக்கும் பழகியவை. மதுரை வெயிலில் தினமும் அவற்றுக்குப் பணிவிடை செய்ய வேண்டும். வேலைக்குப் போகிறவளுக்கு அது முடியுமா?

நாற்றங்காலில் பன்னீர் ரோஜா கேள். எட்வர்ட் ரோஜா என்றும் சொல்வார்கள். பூ சின்னது, இதழ் சீக்கிரம் உதிரும், ஆனால் வாசனை வாசல்வரை வரும். அதன் பூர்வீகமே வேலிதான். இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் கலந்து வேலி கட்டியிருந்தார்கள். அந்த வேலியில் தானாகக் கலந்து பிறந்த இனம் இது. 1819 வாக்கில் அதன் விதை பாரிஸுக்குப் போய், பூர்பன் ரோஜாக்கள் என்ற குடும்பமே உருவானது. ஆள் பார்க்காமல் வளர்ந்த செடி. உன் வீட்டிலும் வளரும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. ஒட்டுச்செடி வேண்டாம், குச்சியில் வேர்விட்டதையே வாங்கு. ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கவனிக்காமல் விட்டால், மேலே இருக்கும் நல்ல ரகம் காய்ந்து அடிக்கட்டை மட்டும் தழைக்கும். நானே அப்படி ஒரு மஞ்சள் ரோஜாவை இழந்தேன். இலை நிறைய வருகிறதே என்று மகிழ்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சொந்த வேரில் நிற்கும் செடியை ஆடு தரையோடு மேய்ந்தாலும், மறுபடி துளிர்ப்பது அதே ரோஜாதான்.

முதல் வருஷம்தான் பாடு. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடு, மட்கிய தொழுவுரம் தாராளமாகப் போடு. ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். காலையில் வேரடியில் ஊற்று. இலை நனைந்தபடி கிடந்தால் கரும்புள்ளி வரும். காற்றோட்டத்துக்காகச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நடு. வேர் பிடித்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், காய்ந்ததையும் நோஞ்சான் கிளைகளையும் கழித்து, மீதியைப் பாதி உயரத்துக்கு வெட்டி, உரம் வை. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் புதர் முழுக்கப் பூக்கும்.

மருந்து அடிக்காதே. உன் மகள் இதழைப் பறித்து வாயில் போடுகிற வயசு.

மழை பிடித்ததும் ஒரு போன் செய். பென்சில் கனத்தில், நாலு கணு வைத்து, பத்துக் குச்சி வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வந்த அன்றே இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றிவிடு.

அன்புடன்,
பெரியம்மா