விடை மட்டும் போதாது

கணிதத் தேர்வில் விடையை மட்டும் எழுதினால் முழுப் புள்ளிகள் கிடைப்பதில்லை. அவ்விடை எந்த வழியில் வந்தது என்பதையும் படிப்படியாகக் காட்ட வேண்டும். வழிமுறை தெரிந்தால்தான் விடை சரியா, தவறு நேர்ந்திருந்தால் எந்தப் படியில் நேர்ந்தது என்பதைப் பிறர் சரிபார்க்க முடியும். மக்களின் உயிரைக் காக்கும் முடிவுகள் ஒரு கணக்கை நம்பி எடுக்கப்படும்போது இந்த விதி மேலும் முக்கியமாகிறது. கோவிட்-19 பெருந்தொற்றின் தொடக்கத்தில் பிரிட்டனில் நடந்தது இதற்குச் சான்றாகும்.

தொற்றுநோய் எவ்வாறு பரவும் என்பதைக் கணிக்க அறிவியலாளர்கள் கணித மாதிரிகளைப் பயன்படுத்துகின்றனர். இத்துறைக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளுள் ஒன்றை, 1927-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கெர்மாக், மெக்கெண்ட்ரிக் ஆகிய இருவரும் வெளியிட்டனர். இன்று இத்துறையின் பாடங்கள் பெரும்பாலும் அவர்கள் காட்டிய வழியில் மக்களை மூன்று பிரிவினராகப் பிரிப்பதில்தான் தொடங்குகின்றன. இனி நோய் தொற்றக்கூடியவர்கள் முதல் பிரிவினர். நோய் தொற்றியவர்கள் இரண்டாம் பிரிவினர். நலமடைந்தோ இறந்தோ நோயிலிருந்து விலகியவர்கள் மூன்றாம் பிரிவினர். காலப்போக்கில் எத்தனை பேர் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு மாறுவர் என்பதைச் சமன்பாடுகள் கூறும். இவ்விருவரும் தங்கள் கணக்கை, 1905, 1906-ஆம் ஆண்டுகளில் பம்பாயில் பரவிய பிளேக் நோயின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டும் காட்டினர். சமன்பாடுகள் கட்டுரையிலேயே இருந்தன. ஆகவே, கணிதம் அறிந்த எவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு அவற்றைச் சரிபார்க்க முடிந்தது.

இன்றைய மாதிரிகள் பல அவ்வளவு எளியவை அல்ல. அவை மில்லியன் கணக்கான மனிதர்களைக் கணினிக்குள் உருவாக்குகின்றன. அவர்கள் எந்த வீட்டில் வாழ்கிறார்கள், எந்தப் பள்ளிக்கு அல்லது பணியிடத்திற்குச் செல்கிறார்கள், யாரைச் சந்திக்கிறார்கள் என்பன எல்லாம் கணக்கில் சேர்கின்றன. இதைத் தாளில் செய்ய இயலாது. கணினிக்கு எழுதப்பட்ட நிரலே இங்கு வழிமுறையாகும். நிரல் மறைவாக இருந்தால் வழிமுறையும் மறைவாகிவிடும்.

2020 மார்ச் 16-ஆம் நாள், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் நீல் பெர்குசனும் அவருடைய குழுவினரும் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமலும் மக்கள் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளாமலும் இருந்தால், பிரிட்டனில் ஏறத்தாழ 510,000 பேரும் அமெரிக்காவில் 2.2 மில்லியன் பேரும் இறக்கக்கூடும் என்று அவ்வறிக்கை கூறியது. அரசின் முடிவுகளில் அது பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. அதே மாதம் 23-ஆம் நாள் மக்களை வீட்டிலேயே இருக்கும்படி பிரதமர் உத்தரவிட்டார். பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. பலரின் வருமானம் நின்றது.

இத்தனை பேரின் வாழ்வைத் தொட்ட கணக்கைத் தாங்களும் காண வேண்டும் என்று பலர் கேட்டனர். அந்நிரல் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் முன்னர், சளிக்காய்ச்சல் பெருந்தொற்றை ஆராய்வதற்காகத் தாம் எழுதியது என்று பெர்குசன் விளக்கினார். சி என்னும் நிரல்மொழியில் அமைந்த அந்த ஆயிரக்கணக்கான வரிகளுக்கு விளக்கக் குறிப்புகள் இல்லை. எழுதியவருக்கு விளங்கிய அது, பிறருக்கு எளிதில் விளங்காது. எனவே, மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் நிறுவனங்களைச் சேர்ந்த பொறியாளர்களின் உதவியுடன் நிரல் சீர்செய்யப்பட்டது. சில வாரங்களில் அது யாவரும் காணும் வகையில் இணையத்தில் வெளியிடப்பட்டது.

உடனே குறைகளும் வெளிப்பட்டன. ஒரே தொடக்க எண்களைக் கொடுத்தாலும் நிரல் சில வேளைகளில் வெவ்வேறு விடைகளைத் தருவதை எடின்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். நிரல் தரமற்றது என்று சிலர் கடுமையாகச் சாடினர். ஆயினும், திறந்து வைத்ததால் கிடைத்தது ஏச்சு மட்டுமன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் எக்லென் நிரலைத் தாமே இயக்கிப் பார்த்தார். சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அறிக்கையின் முக்கிய முடிவுகளை மீண்டும் பெற முடிகிறது என்று அவர் சான்றளித்தார்.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் மறக்கக்கூடாது. ஒரு கணக்கை மீண்டும் செய்து அதே விடையைப் பெறுவதால், அதன் தொடக்க எண்கள் சரியானவை என்று ஆகிவிடாது. நோயுற்ற ஒருவர் சராசரியாக 2.4 பேருக்கு நோயைப் பரப்புவார் என்பதை அறிக்கை அடிப்படையாகக் கொண்டிருந்தது. எடின்பர்க் ஆய்வாளர்கள் அதே நிரலைப் பயன்படுத்தி, 2020 அக்டோபரில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவ்வெண்ணை ஏறத்தாழ 3.5 எனக் கொண்டிருந்தால் மாதிரியின் கணிப்பு, பின்னர் நடந்தவற்றோடு நன்கு பொருந்தியிருக்கும் என்று அவர்கள் கண்டறிந்தனர். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், ஒருவரிடமிருந்து தொடங்கும் தொற்று ஐந்தாவது சுற்றை எட்டும்போது, முதல் எண்ணின்படி அச்சுற்றில் ஏறத்தாழ 80 பேரும் இரண்டாவது எண்ணின்படி 525 பேரும் நோயுறுவர். நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால், வெளியில் உள்ளவர்கள் இதை அந்நிரலைக் கொண்டே சோதித்துப் பார்த்திருக்க முடியாது.

நிரலைத் திறந்து வைப்பது என்பது நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவது ஆகாது. கணக்கிடும் முறையைக் காட்டலாம். நோயாளியின் பெயரையும் முகவரியையும் காக்கவே வேண்டும். நிரலோடு விளக்கக் குறிப்புகளையும் பயன்படுத்திய எண்களையும் தெளிவாகச் சேர்த்து வைப்பது அவசியம். நோய் பரவிய பிறகு அவசரமாகச் சீர்செய்வதைவிட, முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது நன்று.

தம் வழிமுறையைப் பிறர் முன் வைக்கத் துணிவு வேண்டும்; அதைப் பழிக்காமல் சோதிக்கப் பொறுப்பு வேண்டும். இவ்விரண்டும் சேரும்போதுதான் ஒருவரின் கணக்கு, மக்கள் நம்பத்தக்க அறிவாக மாறுகிறது.