மணியை மாத்தினா பொழுது மாறுமா?

(அறிவியல் பகுதி. எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி)



போன வருஷம் ஐப்பசி மாதம் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி வந்தது. "ஏண்டி தினமும் மூஞ்சிய உம்முனு வச்சிருக்கே?" என்று அம்மா கேட்டார்கள். எனக்கே காரணம் தெரியவில்லை. மார்க் குறையவில்லை. யாரும் திட்டவும் இல்லை. ஆனாலும் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு மூலையில் சுருண்டு உட்காரத்தான் தோணுச்சு.

எங்கள் அப்பாயிதான் பதில் சொன்னார்கள். "மழை மாசத்துல பொழுது சீக்கிரம் சாஞ்சுடுது. வெளிச்சத்துல ஓடியாட புள்ளைக்கு நேரமே இல்ல. அதான்."

அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

1. நம்ம ஊரில் பொழுது எப்போ சாயுது?

மயிலாடுதுறையில் சூரியன் மறையும் நேரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சுமாரான நேரம் இது:

ஜூலை முதல் வாரம் – மாலை 6.39
நவம்பர் மூன்றாம் வாரம் – மாலை 5.45
டிசம்பர் கடைசி – மாலை 5.59
ஜனவரி கடைசி – மாலை 6.13

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது, கவனித்தீர்களா? பகல் மிகவும் குறைவான நாள் டிசம்பர் 21 அல்லது 22 என்று படித்திருக்கிறோம். ஆனால் சூரியன் மிகவும் சீக்கிரம் மறைவது அதற்கு ஒரு மாதம் முன்னால், நவம்பரிலேயே! காரணம், பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதும், அது நீள்வட்டப் பாதையில் சுற்றுவதும்தான். இதனால் சூரியன் உச்சிக்கு வரும் நேரமே முன்னே பின்னே ஆகிறது. நம் ஊரில் நவம்பரில் 11.57க்கே உச்சி வந்துவிடும். ஜனவரி கடைசியில் 12.24 ஆகும்.

இங்கே நீண்ட பகலுக்கும் குறைந்த பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். லண்டனில் ஜூன் மாதப் பகல் 16½ மணி நேரம். டிசம்பரில் 8 மணி நேரம் கூட இல்லை. "அப்போ நமக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே" என்று நினைக்கலாம். ஆனால் பொழுது சீக்கிரம் சாயும் அதே மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. மேகம் மூடினால் 5 மணிக்கே விளக்கு போட வேண்டியிருக்கிறது.

2. உடம்புக்குள் ஒரு கடிகாரம்

வரப்போரத்தில் இருக்கும் தொட்டாச்சிணுங்கி ராத்திரியில் இலையை மூடிக்கொள்ளும். 1729-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி டி மெய்ரான் அந்த வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாமலும் அது பகலில் இலையை விரித்தது, இரவில் மூடியது. அதாவது செடிக்குள்ளேயே ஏதோ ஒரு கடிகாரம் இருக்கிறது!

நமக்கும் இருக்கிறது. மூளையின் அடிப்பக்கத்தில், இரு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன நரம்புத் தொகுதி உள்ளது. அதுதான் நம் தலைமைக் கடிகாரம். ஆனால் அது ரொம்பச் சரியாக ஓடாது. நிறைய பேருக்கு அதன் ஒரு நாள் 24 மணிக்குச் சற்று அதிகம். சுவர்க் கடிகாரத்தை ரேடியோ மணி கேட்டுத் திருத்துவது போல, இதைத் தினமும் திருத்த வேண்டும். திருத்துவது எது? கண் வழியே போகும் வெளிச்சம். அதிலும் காலை வெளிச்சம் முக்கியம்.

இருட்டு வந்ததும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கும். உடம்பு தூக்கத்துக்குத் தயாராகும். வெளிச்சம் பட்டால் அது நின்றுவிடும். ராத்திரி செல்போனை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தால் தூக்கம் தள்ளிப் போவதும் இதனால்தான். இந்த உடல் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தமிழ்நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே வராத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். கூட வாழும் வௌவால்கள் தினமும் மாலையில் வெளியே பறப்பதையும் திரும்பி வருவதையும் வைத்தே அதன் உடல் கடிகாரம் சரியாக ஓடியது. 1981-ல் இதை வெளியிட்டார்கள். அதாவது வெளிச்சம் மட்டும் இல்லை, கூட்டாளிகள் இருப்பதும் அந்தக் கடிகாரத்தை முடுக்கும்! இதைப் படித்தபோது எனக்குக் கூட்டாளிகளோடு ஆடும் கோ-கோ ஞாபகம்தான் வந்தது.

3. பொழுதும் மனசும்

தினமும் 4 மணிக்கும் 6 மணிக்கும் நம் மனசு ஒரே மாதிரியா இருக்கு? இல்லை. இதைத் தமிழர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். தமிழ் ஐயா நடத்திய பொருள் இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். உரிப்பொருள் என்பது மனிதரின் உணர்ச்சி. அதற்கு முன்னால் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் வைத்தார்கள். முல்லைக்குக் கார்காலமும் மாலையும். அதன் உணர்ச்சி, காத்திருத்தல். மழைக்கால மாலையில் மனசு ஏங்கும் என்பது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது! திருக்குறளில் மாலைப் பொழுதைப் பார்த்து வருந்துவதற்கென்றே 'பொழுதுகண்டு இரங்கல்' என்று 123-ஆம் அதிகாரம் இருக்கிறது.

அமெரிக்க டாக்டர் நார்மன் ரோசந்தால் குழுவினர் 1984-ல் இதை மருத்துவ முறையில் எழுதினார்கள். குளிர் நாடுகளில் சிலருக்கு ஒவ்வொரு வருஷமும் பகல் குறையும் மாதங்களில் மனச்சோர்வு நோயே வருகிறது. அதிகத் தூக்கம், எதிலும் ஆசையின்மை எல்லாம் வரும். கோடை வந்தால் சரியாகிவிடும். காலையில் பளிச்சென்ற விளக்கின் முன் உட்கார வைப்பது அதற்கு ஒரு சிகிச்சை.

எனக்கு வந்தது நோய் என்று நான் சொல்லவில்லை. அது வெறும் உம்முனு இருப்பது. ஆனால் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு போகாமல் இருந்தால் வீட்டிலோ டீச்சரிடமோ கட்டாயம் சொல்ல வேண்டும். அதில் வெட்கமே இல்லை.

4. மணியை மாற்றும் நாடுகள்

பகல் கூடிக் குறையும் நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது எல்லாரும் சீக்கிரம் எழுந்து, சீக்கிரம் வேலை முடிப்பார்கள். மாலையில் வெளிச்சம் மிஞ்சும். நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன் 1895-ல் இந்த யோசனையைச் சொன்னார். வேலை முடிந்த பிறகு பூச்சி பிடிக்க அவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்ததாம்! 1916-ல் போர்க்காலத்தில் ஜெர்மனி இதை நாடு முழுக்கச் செய்தது. இப்போது ஐரோப்பிய நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் தள்ளுகிறார்கள்.

அக்டோபரில் பின்னால் தள்ளும்போது ஒரே நாளில் மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் போய்விடும். டென்மார்க்கில் 1995 முதல் 2012 வரை மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். அக்டோபர் மாற்றத்துக்குப் பிறகு மனச்சோர்வுக்காக வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட சுமார் 11 சதவீதம் அதிகம். மார்ச் மாற்றத்துக்குப் பிறகு அப்படி இல்லை. மாலை வெளிச்சம் திடீரென்று பறிபோவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

5. பக்கத்து நாட்டில் நடந்த கதை

இலங்கை நமக்கு ரொம்பப் பக்கம். 1996-ல் அங்கே மழை இல்லை. அணைகளில் தண்ணீர் குறைந்து மின்சாரத் தட்டுப்பாடு வந்தது. மாலையில் விளக்குச் செலவைக் குறைக்க மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பி எடுத்தார்கள். மீதி அரை மணி பத்து வருஷம் அப்படியே இருந்தது.

மாலையில் வெளிச்சம் கூடியது உண்மை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் விடியாத இருட்டில் கிளம்ப வேண்டியதாயிற்று. பெற்றோர்கள் குறைப்பட்டார்கள். வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில் இரண்டு மணி! கடைசியில் 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். இப்போது அவர்கள் மணியும் நம் மணியும் ஒன்றுதான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மணியை மாற்றினால் வெளிச்சம் கூடாது. சாயங்காலப் பாத்திரத்தில் ஊற்றுவது காலைப் பாத்திரத்திலிருந்து எடுத்ததுதான். எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

6. நம் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம்

இனி நம் கதைக்கு வருகிறேன். ஆசிரியர்கள் தவறாக நினைக்க வேண்டாம்.

நம் பள்ளி 4.10க்கு விடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு 5.30 வரை. நவம்பரில் சூரியன் 5.45க்கு மறைகிறது. வாய்க்கால் கரை வழியாக நடந்து வீடு சேர 6 மணி ஆகிவிடும். அங்கே தெருவிளக்கு கிடையாது. பையன்கள் அதற்குப் பிறகும் கிரவுண்டில் பந்து விளையாடுவார்கள். பெண் பிள்ளைகளை "விளக்கு வைக்கிற நேரமாச்சு, உள்ள வா" என்று கூப்பிட்டுவிடுவார்கள். ஆக அந்த மூன்று மாதமும் எங்களுக்கு மாலை வெளிச்சம் என்பதே இல்லை. கோ-கோ இல்லை, கூட்டாளி இல்லை. ஜூலையில் இதே நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாலும் 6.39 வரை வெளிச்சம் இருக்கும். சண்டையும் இருக்காது, உம்முனு முகமும் இருக்காது.

நாடு முழுக்க மணியை மாற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மட்டும் சிறப்பு வகுப்பைக் காலை 8.15 முதல் 9.15 வரை வைத்தால் என்ன? கணக்குப் பார்த்துவிட்டேன். அந்த மாதங்களில் சூரிய உதயம் 6.00 முதல் 6.35க்குள். 7.40க்குக் கிளம்பினால் விடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இலங்கைப் பிள்ளைகள் மாதிரி இருட்டில் போக வேண்டாம். நடக்கும்போதே காலை வெளிச்சம் கண்ணில் படும். மாலையில் 4.10க்குப் பிறகு 40 நிமிஷம் விளையாடிவிட்டு 5.20க்குள் வீட்டில் இருப்போம்.

7 மணிக்கு வகுப்பு வைக்கச் சொல்லவில்லை. நம் வயதில் மெலடோனின் தாமதமாகத்தான் சுரக்கும், தூக்கம் லேட்டாகத்தான் வரும். தூக்கத்தை வெட்டினால் மனசு இன்னும் கெடும்.

"காலையில வீட்டு வேலை யாரு பார்ப்பா?" என்று தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் அம்மா நடவுக்கு விடியுமுன்னே போய்விடுவார்கள். தண்ணீர் பிடிப்பதும் பாத்திரமும் நான்தான். அதற்கு என் பதில்: அண்ணன் தம்பிகள் ஒரு குடம் தூக்கினால் கை தேயாது! எங்கள் வீட்டில் தம்பி இப்போது தூக்குகிறான்.

ஒரு மாதம் மட்டும் முயற்சி செய்து பார்க்கலாம் என்று தலைமை ஆசிரியர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவாக, மணி என்பது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டது. பொழுது அப்படி இல்லை. நம் மருத நிலத்துக்கு இலக்கணம் கொடுத்த சிறுபொழுது வைகறை. கடைமுகத்துக்குக் காவிரியில் முழுக விடியலிலேயே எழும் ஊர்தானே நம்முடையது! சாயங்காலம் கைவிட்டுப் போகிற மாதங்களில் காலையைப் பிடித்துக்கொள்வோம்.

தெரிந்து கொள்வோம்
* இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைப்படி 1906 ஜனவரி 1 முதல் வந்தது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால், சராசரியாகப் பார்த்தால் நம் ஊர்ச் சூரியன் கடிகாரத்தைவிட 11 நிமிஷம் தாமதம்.
* இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலும் மணியை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்தார்கள்.
* நல்ல வெயிலில் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். டியூப்லைட் போட்ட வகுப்பறையில் சில நூறு லக்ஸ்தான்.

செய்து பாருங்கள்
ஒரு மாதம் தினமும் வீட்டில் விளக்கு போட்ட நேரத்தையும், அன்று மனசு எப்படி இருந்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் என்னிடம் காட்டுங்கள். அடுத்த இதழில் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: நம் ஊரில் சூரியன் மிகவும் தாமதமாக உதிப்பது எந்த மாதத்தில்? மேலே உள்ள உச்சி நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். (விடை அடுத்த இதழில்)

நன்றி: அட்டவணையைச் சரிபார்த்துக் கொடுத்த அறிவியல் டீச்சருக்கும், காரணத்தை முதலில் சொன்ன என் அப்பாயிக்கும்.