தொகுத்தவர் யார்? தொகுப்பித்தவர் யார்?
ரே சார்ல்ஸின் சிறந்த பாடல் தொகைகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

தொகை நூல் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. தொகுத்தவர் யார்? தொகுப்பித்தவர் யார்? இலக்கிய வரலாற்றை ஒருமுறையேனும் புரட்டிய தமிழ் மாணவர்க்கு இது புதிய பாடம் அன்று. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடிய புலவர் வேறு, திரட்டியவர் வேறு, பொருள் கொடுத்துத் திரட்டச் செய்தவர் வேறு. இந்த வேறுபாட்டை நம் முன்னோர் மறவாது குறித்து வைத்தனர்.

இதே கேள்விகளை நம் காலத்துத் தொகை ஒன்றிடமும் கேட்டுப் பார்க்கலாம். இசைத்தட்டு உலகில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்றொரு வகை உண்டு. ஒரு பாடகர் பல ஆண்டுகள் பாடிய பாடல்களுள் பெரும்புகழ் பெற்றவற்றை மட்டும் பொறுக்கி ஒரே தட்டில் தருவது அது. விடுதி அறைகளில் மேனாட்டு இசை கேட்கும் நம் நண்பர்களுள் பலர், ஒரு பாடகரை முதன்முதலில் அறிவது இத்தகைய தொகையின் வாயிலாகத்தான். 'இவருடைய பாடல்களை எல்லாம் கேட்டுவிட்டேன்' என்று அவர்கள் சொல்லும்போது, உண்மையில் கேட்டது பிறர் ஒருவர் பொறுக்கித் தந்த பன்னிரண்டு பாடல்களாக இருக்கக்கூடும். பொறுக்கியவர் எதை வைத்தார், எதை விட்டார், ஏன் விட்டார்? அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸின் தொகைகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பாடகர்

ரே சார்ல்ஸ் ராபின்சன் 1930 செப்டம்பர் 23 அன்று ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்தார். புளோரிடாவின் கிரீன்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். வறுமை மிக்க கறுப்பினக் குடும்பம். ஏழு வயதுக்குள் இரு கண்களும் ஒளி இழந்தன. செயின்ட் அகஸ்டின் நகரில் காது கேளாதோர்க்கும் பார்வையற்றோர்க்கும் நடந்த அரசுப் பள்ளியில் 1937 முதல் 1945 வரை பயின்றார். அங்கேதான் பிரெய்ல் முறையில் இசைக் குறிப்பைத் தடவிப் படிக்கக் கற்றார். ஒரு கை குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தால் மற்றொரு கைதான் பியானோவை வாசிக்க முடியும். ஆகவே ஒவ்வோர் அடியாக மனத்தில் பதித்துக்கொண்ட பின்னரே இரு கைகளாலும் வாசிப்பார். பதினான்கு வயதில் தாயையும் இழந்தார். பிறகு ஊர் ஊராக வாசித்துப் பிழைத்து, 1948இல் நாட்டின் மறுகோடியாகிய சியாட்டில் நகரை அடைந்தார். 1949இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

'சோல்' என்னும் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். கறுப்பின மக்களின் தேவாலயத்தில் எழும் பக்திப் பாடலின் துடிப்பும், அவர்களுடைய 'புளூஸ்' என்னும் துயரப் பாடலின் உலகியல் பொருளும் ஒன்று கலந்து பிறந்த இசை இது. அந்தக் கலப்பைத் துணிந்து செய்தவர்களுள் முன்னிற்பவர் ரே சார்ல்ஸ். 1954 நவம்பரில் அட்லாண்டா நகரின் வானொலி நிலையம் ஒன்றில் பதிவான 'ஐ காட் எ உமன்' என்னும் பாட்டுக்கு வித்தாக அமைந்தது ஒரு தேவாலயப் பாடல். இறைவனைப் பாடும் மெட்டில் காதலியைப் பாடலாமா என்று சமயப் பற்றுடையோர் பலர் சினந்தனர். பாட்டோ 1955இல் கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இரண்டு வீடுகள்

அவருடைய தொகைகளைப் புரிந்துகொள்ள ஒரு வணிகச் செய்தியை முதலில் அறிதல் வேண்டும். பாட்டு ஒலிக்கூடத்தில் பதிவாகும்போது முதன்மையாக ஒரு நாடா உருவாகிறது. அதனை 'மாஸ்டர்' என்பர். தட்டுகள் எல்லாம் அதன் படிகளே. மாஸ்டர் யாருடைய உடைமையோ அவரே அந்தப் பதிவை எந்தத் தொகையில் சேர்ப்பது என்று முடிவு செய்பவர். பாடியவர்க்கு அந்த உரிமை பெரும்பாலும் இருப்பதில்லை.

1952இல் அட்லாண்டிக் என்னும் நிறுவனம் ரே சார்ல்ஸின் ஒப்பந்தத்தை முந்தைய கம்பெனியிடமிருந்து 2,500 டாலருக்கு வாங்கியது. 'ஐ காட் எ உமன்', 1956இல் வந்த 'ஹல்லெலூயா ஐ லவ் ஹெர் சோ', 1959இல் வந்த 'வாட் ஐ சே' ஆகியவை அந்த வீட்டில் பிறந்த குழந்தைகள். மாஸ்டர்கள் அட்லாண்டிக்கின் உடைமை.

1959 இறுதியில் ரே சார்ல்ஸ் ஏ.பி.சி. பாரமவுண்ட் என்னும் மற்றொரு நிறுவனத்துக்கு மாறினார். கூடுதல் பணம் ஒரு காரணம். அதனினும் பெரியது மற்றொன்று: இனிப் பாடும் பாடல்களின் மாஸ்டர்கள் தமக்கே உரியவை ஆகும் என்னும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் பெற்றார். அந்நாளில் வெள்ளைப் பாடகர்க்கே அரிதாக இருந்த உரிமை அது. பார்வையற்ற, இருபத்தொன்பதே வயதான ஒரு கறுப்பின இளைஞர் அதனைக் கேட்டுப் பெற்றார். கறுப்பினக் கலைஞர் பலர் தம் பாட்டைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டு, பிறர் செல்வராவதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

புதிய வீட்டில் அவர் புகழ் பன்மடங்காயிற்று. 1960இல் 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்', 1961இல் 'ஹிட் தி ரோட் ஜாக்', 1962இல் 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' ஆகிய மூன்றும் நாடு முழுமைக்குமான பொதுப் பட்டியலில் முதலிடம் பெற்றன.

ஒரே ஆண்டில் இரண்டு தொகைகள்

இனி நம் கேள்விக்கு வருவோம். 1962இல் ஏ.பி.சி. நிறுவனம் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்னும் பெயரில் ரே சார்ல்ஸின் தொகை ஒன்றை வெளியிட்டது. பன்னிரண்டு பாடல்கள். 'ஜார்ஜியா' உண்டு, 'ஹிட் தி ரோட் ஜாக்' உண்டு, 'அன்செயின் மை ஹார்ட்' உண்டு. ஆனால் 'ஐ காட் எ உமன்' இல்லை. 'வாட் ஐ சே' இல்லை. சோல் இசைக்கு வித்திட்ட பாட்டும், அவருக்கு வெள்ளையரிடையே வழி திறந்த பாட்டும் இல்லாத ஒன்றுக்கு 'மிகச் சிறந்த பாடல்கள்' என்று பெயர்! தொகுத்தவர்க்குச் சுவை தெரியாமல் அன்று. அந்த மாஸ்டர்கள் அடுத்த வீட்டுப் பெட்டியில் இருந்தன.

அடுத்த வீடும் சும்மா இருக்கவில்லை. அதே 1962இல் அட்லாண்டிக் 'தி ரே சார்ல்ஸ் ஸ்டோரி' என்னும் தலைப்பில் பழைய பாடல்களைத் திரட்டி இரு பகுதிகளாக வெளியிட்டது. ரே சார்ல்ஸின் கதை என்பது தலைப்பு. ஆனால் 1959க்குப் பிந்திய கதை அதில் இல்லை. இதற்கு முந்தைய ஆண்டில் அட்லாண்டிக் செய்தது இன்னும் வேடிக்கை. அப்போது 'ட்விஸ்ட்' என்னும் ஆட்டம் அமெரிக்க இளைஞரை ஆட்டிவைத்தது. உடனே 'ட்விஸ்ட் ஆடுங்கள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டுப் பழைய பாடல்களையே புதிய உறையில் விற்றது. அந்தப் பாடல்கள் பதிவானபோது பாடகர் அந்த ஆட்டத்தை நினைத்தவர் அல்லர்.

இரண்டு தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் தொகையை மட்டும் கேட்டவர், வயலின்கள் சூழ இனிமையாகப் பாடும் ஒரு கனிந்த கலைஞரைக் காண்பார். இரண்டாவதை மட்டும் கேட்டவர், தேவாலயக் கூட்டத்தைப் போல ஆர்ப்பரிக்கும் ஒரு சிறு குழுவின் தலைவரைக் காண்பார். ஆள் ஒருவர், காட்சி இரண்டு. காட்சியைப் பிரித்தது கலை அன்று, உடைமை.

'ஹிட்' என்பது எவ்விடத்து அளவு?

பெரும்புகழ் பெற்ற பாட்டு என்பதை எப்படி அளப்பது? அமெரிக்காவில் 'பில்போர்டு' என்னும் வார ஏடு விற்பனைப் பட்டியலை வெளியிட்டு வந்தது. வெள்ளையர் வாங்குவது ஒரு பட்டியல், கறுப்பினத்தார் வாங்குவது ஒரு பட்டியல் என்றே அதன் அமைப்பு இருந்தது. கறுப்பினப் பட்டியலுக்கு 'இனத் தட்டுகள்' என்றே பெயர். 1949இல்தான் அதனை 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றினர். அந்தப் பெயரைத் தந்த ஜெர்ரி வெக்ஸ்லர் என்பவரே பின்னர் அட்லாண்டிக்கில் சேர்ந்து ரே சார்ல்ஸின் பாடல்களைப் பதிவு செய்தார்.

'ஐ காட் எ உமன்' கறுப்பினப் பட்டியலில் முதலிடம் பெற்றும் பொதுப் பட்டியலில் இடம் பெறவில்லை. பொதுப் பட்டியலை மட்டும் வைத்துத் தொகுப்பவர் அந்தப் பாட்டை விட்டுவிடலாம். கணக்கிலும் தவறு இராது. ஆனால் அந்தக் கணக்கு ஒரு சமுதாயத்தின் செவியைக் கணக்கில் கொள்ளாத கணக்கு. 'எல்லோருக்கும் பிடித்த பாடல்' என்று எவரேனும் சொன்னால், எல்லோரும் என்பவர் யாவர் என்று கேட்டல் நலம்.

பாட்டின் நீளமும் பாட்டின் வாழ்வும்

'வாட் ஐ சே' பிறந்த கதை சுவையானது. 1958 இறுதியில் ஓர் ஆட்ட நிகழ்ச்சி. பாட வேண்டியவற்றை எல்லாம் பாடி முடித்த பின்னும் நேரம் எஞ்சியிருந்தது. குழுவினரையும் பின்பாட்டுப் பெண்களையும் தம்மைத் தொடருமாறு சொல்லிவிட்டு, மின்சாரப் பியானோவில் மனம்போன போக்கில் தொடங்கினார். அவர் ஒரு குரல் எழுப்ப, பெண்கள் அதற்கு எதிர்க்குரல் கொடுத்தனர். கூட்டம் எழுந்து ஆடியது. 1959 பிப்ரவரியில் பதிவானபோது பாட்டு ஆறு நிமிடத்தைத் தாண்டியது. சிறு தட்டின் ஒரு பக்கத்தில் அது அடங்காது. ஆகவே இரண்டாக வெட்டி இரு பக்கங்களில் அமைத்தனர். பிற்காலத் தொகைகள் சிலவற்றில் முதற் பாதி மட்டுமே இருக்கும். குரலும் எதிர்க்குரலும் உச்சம் ஏறுவது இரண்டாம் பாதியில். அரைப் பாட்டைக் கேட்டு முழுப் பாட்டைக் கேட்டதாக எண்ணுவது எத்துணை எளிது!

பாட்டின் வாழ்வையும் தொகை சொல்வதில்லை. 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' ரே சார்ல்ஸ் எழுதியது அன்று. ஹோகி கார்மைக்கேல் இசையமைக்க, ஸ்டூவர்ட் கோரெல் எழுதியது. பிறந்தது பாடகர் பிறந்த அதே 1930இல். அதைப் பாடிப் புகழ்பெற்ற மறு ஆண்டு, 1961இல், ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் பாட வேண்டியிருந்தது. அரங்கில் கறுப்பினத்தாரைப் பிரித்து உட்காரவைப்பர் என்று அறிந்து பாட மறுத்தார். அதற்காக வழக்கில் பணம் கட்டினார். 1979இல் அதே மாநிலம் அப்பாட்டைத் தன் அரசுப் பாடலாக ஏற்றது. சட்டமன்றத்தில் அவரே வந்து பாடினார். இவ்வளவையும் அறிந்து கேட்கும்போது, ஊரை நினைந்து ஏங்கும் அந்தக் குரலில் இனிமையோடு ஒரு வழக்கும் ஒலிப்பதை உணரலாம்.

முழுமை என்னும் மயக்கம்

பிற்காலத்தில் இந்தப் பிளவை இணைக்க முயற்சிகள் நடந்தன. 1971இல் அவருடைய 25 ஆண்டு இசை வாழ்வைப் பாராட்டி வந்த தொகையில் இரு வீட்டுப் பாடல்களும் ஒன்றாக அமர்ந்தன. 1973இல் அவர் ஏ.பி.சி.யை விட்டு விலகியபோது மாஸ்டர்களையும் தம்மோடு கொண்டு சென்றார். அதன்பின் அந்தப் பாடல்களைத் தொகுக்க விரும்பியவர்கள் அவருடைய வாசலுக்கு வரவேண்டியதாயிற்று. தொகுப்பித்தோன் என்னும் இடத்தில் பாடியவரே அமர்ந்தார். 1997இல் இரு காலத்தையும் உள்ளடக்கி ஐந்து தட்டுகள் கொண்ட பெருந்தொகை வெளிவந்தது.

இடையில் 1991இல் அட்லாண்டிக் காலத்துப் பாடல்கள் 'தி பர்த் ஆஃப் சோல்' என்னும் பெயரில் மூன்று தட்டுகளில் 53 பாடல்களாக வெளிவந்தன. முழுமையான தொகுப்பு என்று உறையிலேயே அச்சிட்டனர். ஆனால் ரிதம் அண்டு புளூஸ் பதிவுகளுக்கு மட்டுமே அந்த முழுமை. அதே ஆண்டுகளில் அவர் மில்ட் ஜாக்சன் முதலியோருடன் வாசித்த ஜாஸ் பதிவுகள் அதில் சேரவில்லை. முழுமைக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைக் கீறியவர் தொகுத்தவர்.

மாணவர் செய்யத்தக்கது

இதனால் தொகைகளே வேண்டா என்பது நம் கருத்து அன்று. தொகை இல்லையேல் பல பாடல்கள் நம் செவிக்கே எட்டா. அதனை வாயிலாகக் கொள்ளலாம், வீடாகக் கொள்ளலாகாது. ஒரு தொகையைக் கேட்கும்போது ஐந்து வினாக்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: வெளியிட்டவர் யார்? அவர் உடைமை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை?
இரண்டு: ஒவ்வொரு பாட்டும் பதிவான ஆண்டு எது? அது முதற்பதிவா, பின்னர் மேடையில் பாடியதா?
மூன்று: பாட்டை எழுதியவர் யார்?
நான்கு: பாட்டு முழுமையாக உள்ளதா, வெட்டப்பட்டதா?
ஐந்து: இதில் இல்லாத பாட்டு எது?

இவற்றுள் ஐந்தாவதே கடினம், பயனுடையதும் அதுவே. இன்று கைப்பேசியைத் தொட்டால் ஒரு பாடகரின் 'சிறந்த பாடல்கள்' என்று ஒரு வரிசை தானே வந்து நிற்கிறது. அதைத் தொகுத்தவர் பெயரும் இல்லை, தொகுப்பித்தவர் பெயரும் இல்லை. ஆகவே கேள்வியின் தேவை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

ரே சார்ல்ஸ் 2004 ஜூன் 10 அன்று மறைந்தார். இவ்வாரம் நேரம் கிடைக்கும்போது, 'ஐ காட் எ உமன்' பாட்டையும் 'ஜார்ஜியா' பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஆறே ஆண்டுகள். இடையில் இருப்பது ஓர் ஒப்பந்தத் தாள். அந்தத் தாளை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், இரு குரலும் ஒரே மனிதருடையவை என்பது தெளிவாகும்.