தண்ணீர் எங்கே நிற்கிறது?

ஜமுனாமரத்தூர் வாசகருக்கு,

பள்ளி வேலைக்காக ஜவ்வாது மலைக்கு வந்து வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள். குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. கீழே போளூரில் இருக்கும் வீட்டுக்காரரோ, "நீங்க புழங்கித்தானே அடைச்சுது, நீங்களே பாத்துக்குங்க" என்கிறார். அவர் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்பதை அடைப்பு இருக்கும் இடம்தான் சொல்லும்.

குளியலறையில் மட்டும் தேங்கினால் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள், முடிக்கற்றை கையோடு வரும். அடுப்படி சிங்க் மட்டும் என்றால், அடியில் வளைந்திருக்கும் குழாய்க்குக் கீழே வாளியை வைத்துவிட்டுக் கழற்றுங்கள். சாமைக் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேதான் இறுகிக் கிடக்கும். இதற்கெல்லாம் பிளம்பர் வேண்டாம், வீட்டுக்காரரும் வேண்டாம்.

இரண்டும் சேர்ந்து தேங்கினால் வெளியே உள்ள சேம்பர் மூடிகளைத் திறக்க வேண்டும். ஒரு சேம்பர் நிரம்பி அடுத்தது காய்ந்திருந்தால், அடைப்பு நடுவிலுள்ள குழாயில். மூங்கில் பிளாச்சோ ஸ்பிரிங் கம்பியோ போதும். குத்தியும் இளகாவிட்டால், குழாய் உடைந்து மண் சரிந்திருக்கலாம், மரவேர் நுழைந்திருக்கலாம். எல்லாச் சேம்பரும் ததும்பினால் செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கிறது, அல்லது மழையில் ஊறிய உறிஞ்சு குழி தண்ணீரை வாங்க மறுக்கிறது.

இனி செலவுக் கணக்கு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சாக்கடை அடைப்பு எடுப்பதைக் குடியிருப்பவர் தலையில் வைக்கிறது, குழாய் மாற்றுவதை வீட்டுக்காரர் தலையில் வைக்கிறது. நகரத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம்தான். ஆனால் பங்கீடு நியாயமானது, மலையிலும் அதைக் காட்டிப் பேசலாம். டேங்க் நிரம்பியதற்கு என் தீர்ப்பு வேறு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழிவை அகற்ற வேண்டிய தொட்டி அது. போன மாதம் குடிவந்த உங்களால் நிரம்பியதல்ல. அது வீட்டுக்காரர் செலவு.

வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். இன்ன தேதியில் பார்த்தேன், இன்ன இடத்தில் பழுது, இத்தனை நாளுக்குள் சரிசெய்யுங்கள் என்று நாலு வரி, கூடவே படம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவு, வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதைச் சொல்லியும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தால் அதுதான் நிற்கும். ஆகவே முதலில் அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். (முத்திரைத்தாளில் கையெழுத்து போட்டதோடு சரி, படிப்பதில்லை என்பது நம் எல்லோர் வழக்கமும்தான்.)

கடைக்காரர் ஆசிட் பாட்டிலை நீட்டுவார், வேண்டாம். டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பி உங்கள் மூச்சையே அடைக்கும். டேங்கின் தண்ணீரைச் சரிவில் இருக்கும் ஓடைக்குத் திருப்பிவிடலாம் என்றும் யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறக்கிற மலை இது. நீங்கள் திறந்துவிடுவது கீழூர்க்காரர் கிணற்றுக்குத்தான் போகும்.

இனி சொல்வதுதான் முக்கியம். உறிஞ்சும் லாரி மலையேறி வர வாடகை அதிகம், நாளும் ஆகும். அந்த நேரத்தில், "ஆள் இருக்கான், இறங்கி அள்ளிடுவான்" என்று ஒரு குரல் வரும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவரை ஏவுவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது.

லாரி வரும்வரை பக்கத்து வீட்டில் குளிக்கக் கேளுங்கள், மலைக்காரர்கள் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர் ஆளை இறக்கச் சொன்னால் மட்டும், மூடியைத் திறக்க விடாதீர்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்