இருவர் செல்லும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்
சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி வரையுள்ள ஏறத்தாழ 150 கிலோமீட்டரை ஒரே நாளில் மிதிவண்டியில் கடக்க விரும்பும் நண்பர்கள், கோடைப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எதிர்த்து வீசும் என்பதால், விடியலுக்கு முன்பே, விளக்குடன், புறப்படுவது நன்று.

முன்செல்பவர் காற்றைப் பிளக்க, மற்றவர் அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் இடைவெளிவிட்டு அக்காற்று மறைவிலேயே தொடரும் முறை ‘டிராஃப்டிங்’ எனப்படும்; இதனால் பின்வருபவரின் உழைப்பு கணிசமாகக் குறைவதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வதே முறை, ஏனெனில் வலுவானவரே (பெரும்பாலும் பெருமைக்காக) முன்னிலையில் நீடித்தால் மாலையில் அவரே முதலில் தளர்வார். பின்வருபவருக்குச் சாலை மறைந்திருக்குமாதலால், பள்ளங்களை முன்செல்பவர் கையால் சுட்ட வேண்டும்.

வெயிலில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாத தண்ணீரும், வியர்வையில் இழக்கும் உப்பை ஈடுசெய்ய உப்பிட்ட மோரும் தேவை. பம்ப் ஒன்று போதும்; மாற்று ட்யூப் இருவரிடமும் இருக்கட்டும்.