கேட்கிறவள் பக்கம் நின்று கேள்

அன்பு மருமகனுக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். ‘நாடோடி மன்னன்’ படத்தில் ஆணும் பெண்ணும் கேள்வியும் பதிலுமாகப் பாடுகிற பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டை நீ எடுத்துக்கொண்டதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனால், உழைத்தால் உயரலாம் என்று கவிஞர் நம்பிக்கையூட்டுவதாக முடித்திருக்கிறாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீ ஆணின் குரலை மட்டுமே கேட்டிருக்கிறாய். சும்மா கிடந்த நிலத்தைத் திருத்தியது முதல் நெல் விளைந்தது வரை அவன் பெருமையோடு அடுக்குகிறான். அவள் அதில் மயங்குவதில்லை. இவ்வளவு விளைந்தும் நம் கையில் மிஞ்சியது என்ன என்கிறாள். மாடாக உழைத்தவனுக்குப் பசி ஏன் வந்தது என்று மறுபடியும் கேட்கிறாள். உழைப்புப் போதவில்லை என்று அவன் சொல்லவில்லை, பார். உழைத்துத் தேடிய செல்வம் வேறெங்கோ போய்ச் சேர்கிறது என்கிறான். பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவள் விடாமல் கேட்டதால்தான் அவன் இந்தப் பதிலுக்கு வந்தான்.

செல்வம் போய்ச் சேர்ந்த இடத்தைத் தேடினால் தஞ்சைப் பண்ணைகளுக்கு வந்து நிற்பாய். பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாகக் கொடுத்த மண் அது. 1940களில் பொதுவுடைமைத் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அங்கே விவசாயிகள் சங்கத்தை வளர்த்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்த நம் கவிஞர் விவசாயி; அந்த இயக்கத்தில் வளர்ந்த பொதுவுடைமைக்காரர். பசிக்குக் காரணம் விதியென்றோ சோம்பலென்றோ அவர் எழுதியிருக்க முடியாது.

கடைசியில் ஆண், தானே சட்டம் போடப்போவதாகச் சொல்கிறான். இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடாதே. கதையில் அவன் மன்னனின் இடத்தில் அமர்ந்து ஆளும் சாமானியன். வாக்கு கதையோடு பொருந்துகிறது. படம் வந்த 1958இல் கொட்டகையில் இருந்தவர்களுக்கோ, அவனாக நடித்த, அப்போது தி.மு.க.வில் இருந்த எம்.ஜி.ஆரே நேரில் கொடுத்த வாக்கு அது. அவர் முதல்வரானது 1977இல். அதைப் பார்க்கக் கவிஞர் இல்லை. 1959இல், 29 வயதிலேயே போய்விட்டார். நல்ல தலைவன் ஒருவன் வந்து சட்டம் போடுவான் என்று அவர் எழுதினாரா, ஏர் பிடித்தவனே சட்டம் போடும் நாளை நினைத்து எழுதினாரா? நான் இரண்டாவதையே நம்புகிறேன். அவர் வந்த வழி அப்படி. நீ முதலாவது பக்கம் நின்றாலும் எனக்கு வருத்தமில்லை, காரணத்தைப் பாட்டுக்குள்ளிருந்தும் அந்தக் காலத்திலிருந்தும் எடுத்துக் காட்டு.

இன்னொன்று. அவளுடைய கேள்விகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார். அவற்றில் எதற்கு அவன் நேராகப் பதில் சொன்னான், எதை வருங்காலத்துக்குத் தள்ளினான் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள். கட்டுரையின் முடிவை அதற்குப் பிறகு எழுதி அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா